தாழிக்குள் சாதி இல்லை

தாமிரபரணிக் கரையில் இப்போது எலும்புக்கு மவுசு கூடிவிட்டது. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அதே சிவகளையின் இரும்பு கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 சனவரியில் அறிக்கை வந்தது. நெல்லை ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் எழும்பி நிற்கிறது. நல்லது. மண்ணுக்கடியில் கிடந்தது வெளியே வரட்டும். வரலாறு என்றால் கங்கைக்கரைதான் என்ற பார்ப்பனியப் புளுகுக்கு இது நல்ல அடி.

ஆனால் கதை நெல்லோடும் இரும்போடும் நிற்கவில்லை. எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுத்து அதன் எழுத்துகளை வரிசையாகப் படிக்கிற காலம் இது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அரசு நிதியில் தொல்மரபணு ஆய்வுக்கூடம் வந்துவிட்டது. ஆதிச்சநல்லூர்ப் பரம்பு, கொந்தகை இடுகாடு என்று தோண்டிய இடத்து எலும்பெல்லாம் ஆய்வுக்கூடத்து வாசலில் நிற்கிறது. அதற்குள்ளேயே இங்கே ஒரு பேச்சு கிளம்பிவிட்டது: "தாழியில படுத்துக் கெடந்தவன் எங்க ஆளுதாம்வே." ஒவ்வொரு சாதிக்காரனும் சொல்கிறான். நம்ம ஆட்களிலும் சிலர் சொல்கிறார்கள்: "நாமதான் பூர்வகுடி, டி.என்.ஏ. வந்தா தெரியும், பாரு."

தோழர்களே, இந்தப் போட்டியில் நமக்கு வேலை இல்லை என்பதுதான் என் கருத்து. மரபணு விஞ்ஞானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தருகிற சேதி வேறு, நாம் தேடுகிற சேதி வேறு. அது தருகிற சேதிதான் நமக்கு உண்மையில் பயன்படும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டால் யார் வேண்டுமானாலும் நம் காதில் பூச் சுற்றுவான். மனித செல்லுக்குள் 23 ஜோடி குரோமோசோம்கள். ஒரு செட்டை எடுத்துக்கொண்டால் ஏ, டி, ஜி, சி என்கிற நாலே எழுத்தில் எழுதிய ஏறக்குறைய 310 கோடி எழுத்து. மனித ஜீனோமைப் படித்து முடித்தாயிற்று என்று 2003-இல் அறிவித்தார்கள். ஆனாலும் ஓட்டை நிறைய இருந்தது. அதை அடைத்தது 2022-இல். கடைசியாக முடிந்தது தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற ஒய் குரோமோசோம்; 2023 ஆகஸ்டில் அதன் 6 கோடியே 24 லட்சம் எழுத்தும் வரிசைக்கு வந்தன. எந்த இரண்டு மனிதர்களை எடுத்தாலும் ஆயிரம் எழுத்துக்கு ஏறக்குறைய ஒரு எழுத்துதான் மாறும். அக்ரகாரத்துக்கும் சேரிக்கும் இதே கணக்குதான்.

உயிரோடு இருப்பவரிடம் கொஞ்சம் ரத்தமோ எச்சிலோ போதும். செத்து 3000 வருசமானவரிடம் அது நடக்காது. வெயிலும் ஈரமும் டி.என்.ஏ.வைத் துண்டுதுண்டாக்கிவிடும், நெல்லை வெயில் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிடைப்பதிலும் பெரும்பங்கு மண்ணிலிருந்து எலும்புக்குள் புகுந்த பாக்டீரியாவுடையது. தோண்டியவர், தொட்டவர், தும்மியவர் டி.என்.ஏ.வும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் உட்காதைச் சுற்றியுள்ள கெட்டி எலும்பையும் பல்லையும் துளைத்துத் தூள் எடுக்கிறார்கள். செத்த உடம்பில் சி என்ற எழுத்து சிதைந்து டி மாதிரி வாசிக்கப்படும். துண்டுகளின் ஓரத்தில் அந்தச் சிதைவு இருந்தால்தான் அது பழசு, இல்லையென்றால் நேற்று தொட்டவனுடையது. அரியானா ராகிகடியில் 61 எலும்பு மாதிரிகளில் தேடி, ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் படிக்கத்தக்க டி.என்.ஏ. கிடைத்தது. 2019-இல் அது வெளியானது. அந்த ஒருத்தியை வைத்து "ஆரியர் வரவே இல்லை" என்று ஒரு கூட்டம் கூத்தடித்தது. ஆய்வு சொன்னது என்ன? அவளிடம் ஸ்டெப்பிப் புல்வெளிக்காரரின் வம்சச் சாயல் இல்லை என்று. இன்றைக்கு வடக்கே பலரிடம் அது இருக்கிறது. அப்படியானால் அவர்கள் அவளுக்குப் பிறகு வந்தார்கள் என்றுதானே பொருள்? அதே நேரத்தில் வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வும் அதைத்தான் சொன்னது. ஒரே எலும்பு, இரண்டு தலைப்புச் செய்தி! எலும்பு பேசாது. பேசுகிறவன் யார் என்று பார்க்க வேண்டும்.

ஆதிச்சநல்லூர் எலும்பைப் பேசவைத்தவர்கள் பட்டியல் பெரிசு. 1876-இல் ஜெர்மானியர் யாகோர் வந்து தோண்டி, எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-இலிருந்து 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அந்த மண்டையோடுகளை அளந்து சூக்கர்மான் எழுதிய கட்டுரையைச் சென்னை அருங்காட்சியகம் 1930-இல் வெளியிட்டது. அதே அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் உயிரோடு இருந்தவர்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். மூக்கு அகலமானால் கீழ்சாதி, கூரானால் மேல்சாதி! அந்த அளவுகளையும் சேர்த்து 1909-இல் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி போட்டார். அன்றைக்கு அதுவும் விஞ்ஞானம் என்ற பேரில்தான் நடந்தது.

இதற்கு அண்ணல் என்ன செய்தார்? தீண்டாமையின் தோற்றம் பற்றி 1948-இல் எழுதிய நூலில், அவர்கள் எடுத்த மூக்கு அளவையே எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். அந்தந்தப் பிரதேசத்துப் பார்ப்பானும் தீண்டப்படாதவனும் ஒரே இனம்தான், வேறு வேறு அல்ல என்று அவர்களின் ஆயுதத்தாலேயே அவர்களின் கதையை உடைத்தார். நாம் வேறொரு இனம், ஆதி இனம் என்ற பெருமையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அது கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். சாதி ரத்தத்தில் இருக்கிறது என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகிவிடும்.

இன்றைக்கு மூக்கு போய் குரோமோசோம் வந்திருக்கிறது. நம்ம பக்கத்து உதாரணம் ஒன்று. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஜோதிமாணிக்கம் என்று ஒரு கிராமம். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு அங்கே எடுத்த ரத்தத்தில் எம்130 என்ற குறி கிடைத்தது. ஒய் குரோமோசோமில் ஓரிடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த முதல் கூட்டத்தின் தடயம் என்று அதைச் சொன்னார்கள். பத்திரிகைகள் "முதல் இந்தியர்" என்று போட்டோ போட்டன. பெறவு அது ஆய்வு என்பது போய் சாதிப் பெருமை ஆகிவிட்டது. அதே குறி ஆஸ்திரேலியப் பழங்குடியிடமும் மங்கோலியாவிலும் இருக்கிறது என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

ஒய் குரோமோசோம் சொல்வது என்ன? அப்பன், அப்பனுக்கு அப்பன் என்று ஒரே ஒரு கோடு. பத்துத் தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு 1024 முன்னோர் இடம். அதில் இந்தக் கோடு காட்டுவது ஒரே ஒரு ஆளை. மீதி 1023 பேர்? அம்மா, அம்மாச்சி, அப்பாவைப் பெற்ற ஆச்சி, அவளைப் பெற்றவர்கள் எல்லாரும் எங்கே போனார்கள்? அந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு "எங்க வம்சம்" என்பது ஆணாதிக்கக் கணக்கு. சாதியும் அதே கணக்குதான் போடுகிறது.

அப்படியானால் மரபணுவில் சாதி பற்றி ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது வம்சப் பெருமை அல்ல, கதவு சாத்தப்பட்ட தேதி.

2013-இல் ஐதராபாத் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 73 சமூகங்களைச் சேர்ந்த 571 பேரின் ஜீனோமைப் படித்தார்கள். சுமார் 4200 வருசத்துக்கும் 1900 வருசத்துக்கும் இடையில் இந்தத் துணைக்கண்டத்தில் சனங்கள் பெரிய அளவில் கலந்திருக்கிறார்கள். மேல்சாதி, தாழ்த்தப்பட்டவர், பழங்குடி, எவரும் பாக்கியில்லை. அதன் பிறகு கலப்பு நின்றுபோகிறது. கல்யாணியில் உள்ள தேசிய நிறுவனத்தின் பார்த்தா மஜும்தார் குழு 2016-இல் பல மேல்சாதிகளில் கலப்பு நின்ற காலத்தைச் சுமார் 70 தலைமுறைக்கு முன்னால் என்று கணக்கிட்டது. அதாவது ஏறக்குறைய 1500 வருசம், குப்தர் காலம். எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இரண்டு கூட்டம் கலக்கும்போது குரோமோசோமில் இரண்டு பக்கத்துத் துண்டுகளும் நீளநீளமாக இருக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் அவை வெட்டுப்பட்டுச் சின்னதாகும். துண்டின் நீளத்தை வைத்துக் கலப்பு நடந்து எத்தனை தலைமுறை ஆயிற்று என்று சொல்லலாம். புதுத் துண்டு வரவே இல்லையென்றால் கதவு சாத்தியாயிற்று என்று அர்த்தம்.

1916-இல், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் இதைத்தானே சொன்னார்! அகமணம்தான் சாதியின் உயிர்நாடி. தன்னைத்தானே அடைத்துக்கொண்ட வர்க்கமே சாதி. டி.என்.ஏ. என்ற மூலக்கூறின் வடிவம் தெரிவதற்கு 37 வருசம் முன்னால், ஆய்வுக்கூடம் இல்லாமல், சமூகத்தைப் பார்த்தே சொன்னார். நூறு வருசம் கழித்துக் குரோமோசோம் அவருக்குச் சாட்சி சொல்கிறது. சாதி ரத்தத்திலிருந்து பிறக்கவில்லை. கல்யாணத்தைத் தடுத்துத் தடுத்து, ரத்தத்தில் ஒரு தழும்பை உண்டாக்கியிருக்கிறார்கள். அந்தத் தழும்பைக் காட்டி "பாத்தியா, நாம வேற வேற" என்கிறவன், அடித்த காயத்தைக் காட்டி அது பிறவி அடையாளம் என்கிறான்.

இந்தத் தழும்பு நோயாகவும் வருகிறது. 2017-இல் தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்ததில், 81 சமூகங்களில் ஒருசில முன்னோரிடமிருந்தே பெருகிய அடையாளம் பின்லாந்துக்காரர்களைவிடவும் பலமாக இருந்தது. அப்படி உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டால் ஒளிந்திருக்கும் நோய்கள் ஒன்றுசேரும். ஆந்திர வைசியரிடம் அறுவைச் சிகிச்சை மயக்கமருந்தில் ஒன்று உடம்பை விட்டு இறங்காத குறைபாடு கூடுதலாக இருப்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விசயம். சாதித் தூய்மை என்று கொண்டாடுவதற்கு மருத்துவத்தில் பெயர் நோய்க் காரணி.

இங்கே நாம் கசப்பான ஒன்றையும் விழுங்க வேண்டும். "தமிழனுக்குச் சாதி கிடையாது, எல்லாம் வடக்கேயிருந்து வந்தது" என்று பொருநைப் பெருமையோடு சேர்த்து ஒரு பாட்டு பாடுகிறார்கள். பிச்சப்பன் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் 31 சமூகங்களிலிருந்து 1680 ஆண்களின் ஒய் குரோமோசோம். தொழில், பிழைப்பு வழி வாரியாக இந்தப் பிரிவினைகள் 4000 முதல் 6000 வருசம் முன்பே உருவாகிவிட்டன, பார்ப்பனர் வரவுக்கு முந்தியவை, கடந்த 3000 வருசத்தில் கலப்பு குறைவு என்பது அதன் முடிவு. முழு ஜீனோமைப் படித்தவர்கள் சொல்லும் தேதியோடு இது ஒத்துப்போகவில்லை. ஒய் குரோமோசோம் ஆண் கோடு மட்டும் என்பதால் முழுக்கதை ஆகவும் முடியாது. அதைவிட அந்த ஆய்வின் பெட்டிகளைப் பாருங்கள்: மலைவாசி, மானாவாரி விவசாயி, பார்ப்பனர், அதோடு அட்டவணைச் சாதி என்று ஒரு பெட்டி. அட்டவணைச் சாதி என்பது 1936-இல் வெள்ளைக்காரன் அரசாணையில் போட்ட பட்டியல். அந்தப் பட்டியலை ரத்தக் குப்பியில் ஒட்டிவிட்டு 5000 வருசக் கதையைத் தேடினால், கிடைப்பதில் எவ்வளவு பழசு, எவ்வளவு அரசாணை என்று கேட்க வேண்டியது நம் கடமை.

அதற்காக அந்த ஆய்வைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. பார்ப்பனியம் சாதிக்குச் சாத்திரம் எழுதியது, காவல் போட்டது. ஆனால் தமிழ் நிலத்திலும் பிரித்து வைக்கும் புத்தி சுயமாகவே இருந்திருக்கலாம் என்று அது எச்சரிக்கிறது. ஆதிச்சநல்லூரில் ரீ எடுத்த தங்க நெற்றிப்பட்டம் எல்லாத் தாழியிலும் இல்லை. சிலரோடுதான் வைத்தார்கள். அந்தப் பரம்பு சமத்துவபுரம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். பொற்காலம் தேடுகிறவனுக்குத்தான் குற்றமில்லாத முன்னோர் வேண்டும். விடுதலை தேடுகிற நமக்கு வேண்டியதில்லை.

இன்னொரு சேதி பெண் பற்றியது. 1998-இல் ஆந்திரச் சாதிகளை ஆராய்ந்து வந்த ஒரு கட்டுரை, தாய்வழி மட்டும் இறங்குகிற டி.என்.ஏ. சாதிகளுக்கிடையில் நகர்ந்திருப்பதையும், ஒய் குரோமோசோம் அப்படி நகராததையும் காட்டியது. பெண் மேல்சாதிக்குள் போக, அல்லது இழுத்துக்கொண்டு போகப்பட, முடிந்திருக்கிறது. கீழ்ச்சாதி ஆண் மேலே போக விடப்படவில்லை. மேலே இருப்பவன் கீழே எடுக்கலாம், கீழே இருப்பவன் மேலே ஆசைப்படக் கூடாது என்ற மனுவின் சட்டம் எலும்பு மஜ்ஜை வரை எழுதப்பட்டிருக்கிறது.

அந்தச் சட்டம் செத்துவிட்டதா? 2025 ஜூலை 27. பாளையங்கோட்டை கேடிசி நகர். ஏரல் பக்கத்து ஆறுமுகமங்கலத்தைச் சேர்ந்த 27 வயது தலித் இளைஞர், ஐ.டி. பொறியாளர், பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு சாதிப் பெண்ணோடு நட்பும் காதலும்தான் காரணம் என்பது வழக்கு. கைதானவர் அந்தப் பெண்ணின் தம்பி. ஆறுமுகமங்கலம் எங்கே இருக்கிறது? ஆதிச்சநல்லூரும் சிவகளையும் இருக்கிற அதே ஆற்றுப் படுகையில். 3000 வருச எலும்புக்குக் கண்ணாடிப் பெட்டி செய்கிற அதே மண்ணில், 27 வயது உடம்பு தெருவில் கிடந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனையும் தங்கையையும் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, பிள்ளைகள் கையில் கட்டும் சாதிக் கலர்க் கயிற்றைத் தடுக்கச் சொல்லி 2024-இல் அறிக்கை கொடுத்தது. 310 கோடி எழுத்தில் கிடைக்காத சாதியைக் கலர்க் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடங்களில்.

டி.என்.ஏ. நமக்கு எதிராகவும் திரும்பும். வேங்கைவயலை மறக்க முடியுமா? 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். சி.பி.சி.ஐ.டி. 31 பேரிடம் டி.என்.ஏ. சோதனை செய்தது. அதில் பாதிக்கப்பட்ட தலித்துகளும் உண்டு. ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் 2025 சனவரியில் அதே வேங்கைவயல் தலித் இளைஞர்கள் மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் சி.பி.ஐ. விசாரணை கேட்டன. மலம் குடிக்கவைக்கப்பட்டவன் ரத்தம் கொடுத்துத் தான் குற்றவாளி இல்லை என்று காட்ட வேண்டும்! 2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் கைதானவர்களின் உடல் மாதிரிகளை எடுத்துப் பல பத்தாண்டுகள் வைத்திருக்க வழிசெய்கிறது. போலீஸ் ஸ்டேசனுக்கு முதலில் இழுத்துக்கொண்டு போகப்படுவது யார் ரத்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக் கும்பிடவும் வேண்டாம், கல்லெறியவும் வேண்டாம். கேள்வி கேட்போம்.

ஒன்று, நம் சேரிகளில் ரத்தமும் எச்சிலும் எடுக்க வருகிறவர் எதற்காக, எங்கே வைக்க, யாருக்குக் கொடுக்க என்று தமிழில் சொல்லிச் சம்மதம் வாங்கட்டும். முடிவையும் அதே ஊரில் வந்து தமிழில் சொல்லட்டும். இங்கிலீஷ் சஞ்சிகையில் அச்சானால் போதும் என்பது கொள்ளை.

இரண்டு, தாழி எலும்பிடம் "நீ என்ன சாதி" என்று கேட்காதீர்கள். ஒரே தாழியில் கிடந்தவர்கள் சொந்தமா, தங்கப்பட்டம் வைத்தவரும் வைக்காதவரும் ஒரே குடும்பமா, பெண்கள் வெளியூரிலிருந்து வந்தார்களா, குழந்தைகள் எதனால் செத்தன, யார் முதுகு பாரம் சுமந்து தேய்ந்தது என்று கேளுங்கள். உழைத்தவன் வரலாறு அதில்தான் இருக்கிறது.

மூன்று, அகழாய்வுக் குழியில் கூடை சுமக்க மட்டும் நம்ம சனம், குரோமோசோம் படிக்க வேறு சனம் என்ற வேலைப் பிரிவினை உடைய வேண்டும். உயிரியலும் கணினியும் படிக்கிற நம்ம பிள்ளைகள் இந்தத் துறைக்குள் போக வேண்டும். பெட்டிக்குப் பெயர் ஒட்டுகிறவன் கையில்தான் வரலாறு இருக்கிறது.

நான்கு, எல்லாவற்றுக்கும் மேலே, சாத்திய கதவைத் திறக்கிற வேலை. சாதி ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் பற்றிப் பரிந்துரைக்க நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் அரசு அறிவித்தது. ஆணையம் அறிவித்ததோடு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. சட்டம் வரும்வரை, வந்தபின் அது நடக்கும்வரை தெருவில் நிற்க வேண்டும். சாதி மறுத்துக் கட்டிக்கொள்கிற பிள்ளைகளுக்கு வீடும் வேலையும் பாதுகாப்பும் கேட்க வேண்டும். நம்ம உட்சாதிகளுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்காமல் இருக்கிறோமே, அந்தக் கதவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆதிச்சநல்லூர் எலும்பிலிருந்து நாளைக்கு எந்த முடிவு வந்தாலும், அது நமக்குப் பட்டாவும் தராது, பறிக்கவும் பறிக்காது. இந்த மண்ணில் மனுசனாக வாழ்கிற உரிமைக்கு 3000 வருச ஆதாரம் காட்ட வேண்டிய அவசியம் எவனுக்கும் இல்லை. தாழிக்குள் சாதி இல்லை. சாதி வெளியே, கேடிசி நகர்த் தெருவில், அரிவாளோடு நிற்கிறது. அதைத்தான் ஒழிக்க வேண்டும்.